மூடாத மைக்

ஊரில் அவருக்கு 'ஹலோ' என்றுதான் பெயர். கூட்டமோ கல்யாணமோ, பந்தலில் முதலில் கேட்பது அவர் குரல்தான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் தலைவர்களுக்கே வாய் திறக்கும். மைக் செட் வாடகைக்கு விட்டே தலை நரைத்தவர். எல்லாக் கட்சி மேடைக்கும் அவர்தான் செட். உங்களுக்கு எந்தக் கட்சி என்று யாராவது சீண்டினால், "குழாய் ஸ்பீக்கருக்கு ஏதுங்க கட்சி" என்று நழுவிவிடுவார்.

அவருக்குத்தான் கட்சி இல்லையே தவிர, வீட்டுக்குள் இரண்டு கட்சி இருந்தது. மகன் ஆளும் கட்சியில் இளைஞரணி. மகளைக் கட்டிய மாப்பிள்ளை எதிர்க்கட்சி. போன தேர்தல் சமயத்தில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்த பேச்சு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பதில் போய் நின்றது. அதற்கப்புறம் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் கிடந்து அல்லாடியவள் அவருடைய மனைவிதான். மகன் வேலைக்குக் கிளம்பியதும் மகளுக்குப் போன் போட்டு வரச் சொல்வாள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குச் சோறு போடுவாள். "நாலு பேரையும் ஒண்ணா உட்கார வச்சுப் பரிமாற எனக்குக் கொடுத்து வைக்கல" என்று அவரிடம் மட்டும் புலம்புவாள்.

பஸ் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று, தையல் கம்பெனியில் வேலை முடிந்து அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் கொண்டுபோனார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் அது நடந்தது. லோடு வண்டியை நடுரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த மாப்பிள்ளை, தூணில் சாய்ந்திருந்த மகனைப் பார்த்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார்கள். அவளைத் தூக்கும்போது ஒரு பக்கம் மகன், மறுபக்கம் மாப்பிள்ளை. அப்புறம் வந்த நாட்களில் இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து எழுந்தார்கள். ஹலோ வாசற்படியில் உட்கார்ந்து இதைப் பார்ப்பார். மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கும். உடனே, பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிம்மதி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொள்வார். ஆனாலும் அவள் கேட்டது இதைத்தானே. இனி இது கலையாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

நாடும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஜென்மப் பகையாளிகள் மாதிரி ஏசிக்கொண்ட தலைவர்கள் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். டிவியில் யாரும் கத்தவில்லை. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் கொஞ்சம் பேச்சைக் குறைத்திருந்தார்கள், அதனால்தானோ என்னவோ.

எல்லாக் கட்சியும் சேர்ந்து ஒரே மேடையில் அஞ்சலிக் கூட்டம் என்று முடிவானது. 'நாம் அனைவரும் ஒன்று' என்று மேடை அகலத்துக்குப் பேனர். ஹலோவை அன்றைக்கு வேலை செய்ய வேண்டாம் என்றார்கள்.

"நீங்க மேடையில உட்காருங்கண்ணே. செட்டுக்கு வேற ஆள் சொல்லிக்கறோம்."

"என் வீட்டுக்காரிக்கு இன்னொருத்தன் செட் போடுறதா?" என்று அவரே ஒயர் இழுத்தார். கடைத்தெரு முனைவரைக்கும் குழாய் கட்டினார்.

மௌன அஞ்சலியில் ஒரு வேலை உண்டு. அது மைக் செட்காரனுக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் எழுந்து நின்றதும், மைக்கின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தாலும் தெருவே அதிரும். "பேசறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, மௌனத்துக்கு நான் ஒருத்தன்தான்" என்று ஹலோ பெருமையடிப்பார். ஒரு கூட்டத்திலும் அவர் மறந்ததில்லை.

அன்றைக்கு மறந்தார். எல்லோரும் எழுந்தார்கள், அவரும் எழுந்தார். தலையைக் குனிந்ததும் அவள் முகம் வந்துவிட்டது. காலையில் கிளம்பும்போது செருப்பு வார் அறுந்ததென்று எரிச்சலோடு போன முகம். கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகவே இல்லை.

மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் மகன் நின்றான். ஆளும் கட்சியின் நகரச் செயலாளர் அவன் தோளில் கைபோட்டுக் காதில் கிசுகிசுத்தார். அது குழாய் குழாயாகக் கடைத்தெரு முனைவரைக்கும் போனது.

"அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு குடு தம்பி. போஸ்டர் அடிக்கணும். தேர்தல் வருது, அவனுங்க முந்திக்குவானுங்க."

"தர்றேண்ணே. எங்க மச்சான் காதுல மட்டும் போட்டுடாதீங்க. அந்த ஆளு இதுலயும் பங்குக்கு வருவான்."

ஹலோ பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தபோது குறைக்க எதுவும் மிச்சமில்லை. முன்வரிசையில் நின்ற மாப்பிள்ளை தன் மனைவியின் கையைப் பிடித்தார், நடந்தார். எதிர்க்கட்சித் தலைவர்கள் அவர் பின்னாலேயே மேடையை விட்டு இறங்கினார்கள். பேனர் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் டிவியில் பழைய கத்தல் திரும்பியது. ஹலோ காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே மைக்கைத் திறந்துவைத்தார் என்றது ஒரு கட்சி. உண்மையை உலகுக்குச் சொன்ன உத்தமர் என்றது இன்னொன்று. இரண்டையும் கேட்டு அவருக்குக் கூசியது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என் மேலதான் மாப்பிள்ளை. நான் மைக்கை மூடியிருக்கணும். சின்னப் பையன், ஏதோ வாய் தவறிட்டான். மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க என்ன மாமா பண்ணுவீங்க. ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றார் மாப்பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க கூட்டத்துல வந்து, அன்னைக்கு மைக்குல கேட்டதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிடுங்களேன். அத்தை எங்க கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டாங்கன்னும் சொல்லிடுங்க" என்றார்.

அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று ஹலோவுக்கே தெரியாது. கேட்டபோதெல்லாம், "போய் வேலையைப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

போஸ்டர்கள் வந்தன. ஒன்றில் அவள் 'தேசத்தின் தாய்', இன்னொன்றில் 'அரசின் அலட்சியத்துக்குப் பலியான தாய்'. போட்டோ எடுக்க வந்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள், தெருவுக்குத் தெரு இரண்டு கட்சிக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் போனில் மட்டும் பேசினாள். "தம்பி இருக்கற வீட்டுக்கு நான் வரக் கூடாதாம்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஒரு சாயங்காலம் ஹலோ உலை வைத்துக்கொண்டிருந்தபோது மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டுமாப்பா? அன்னைக்கு மட்டும் நீங்க மைக்கை மூடியிருந்தா, நாம இன்னிக்கும் ஒண்ணா இருந்திருப்போம்ல?"

அவரும் அதையேதான் நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடந்தார். ஆனால் மகன் வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி கேட்டது.

"மூடியிருந்தாலும் நீ அதைச் சொல்லியிருப்பேடா. எனக்குக் கேட்டிருக்காது, அவ்வளவுதான்."

மகன் சுவரைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை எங்க நினைவுக் கூட்டம். நீங்க வரணும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க" என்றான்.

"அங்க உங்கம்மாவைப் பத்தி யாராவது பேசுவாங்களாடா?"

மகன் யோசித்தான். பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு. "தலைவர் பேசி முடிச்ச பிறகு நேரம் இருந்தா நான் பேசறேம்பா" என்றான்.

ஹலோ தலையாட்டினார். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, குரலெடுத்து அழுதார். அவள் செத்த நாளிலிருந்து அப்படி அழவில்லை. கேட்க வீட்டில் யாரும் இல்லை.