ஒட்டிய படத்தில் கலா இல்லை

ஜெலுத்தோங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடை. காலையில் படகுத்துறையில் நான் எடுத்த ஐந்து படங்களை ஒரே நீளப் படமாக ஒட்டித் தருகிறார் கடைக்கார அக்கா.

"இந்த சாஃப்ட்வேர் ஈஸி லா தம்பி, ஒரு கிளிக் போதும்."

திரையில் கடல் தழும்பில்லாமல் நீள்கிறது. ஆனால் மூன்றாம் படத்தில் நின்ற என் மனைவி கலாவைக் காணோம். அவள் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்.

"இவள் எங்கே அக்கா?" என்கிறேன், பக்கத்தில் நிற்கும் கலாவைக் காட்டி.

"அடுத்த படத்துல தங்கச்சி நகர்ந்திருச்சு லா. ரெண்டும் ஒத்துப்போகலன்னா இது ஆளையே எடுத்திரும். ரெண்டு படத்துலயும் ஒரே இடத்துல கையால புள்ளி வெச்சு ஒட்டுற சாஃப்ட்வேர் இன்னொன்னு இருக்கு, ஒரு மணி நேரம் ஆகும்."

"அதுலயே ஒட்டுங்க," என்கிறாள் கலா, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் கையைப் பற்றிக்கொள்கிறாள். காத்திருக்கிறோம். கடைசியில் அவள் முகம் திரைக்கு வருகிறது. அப்போதும் கலா என் கையை விடவில்லை. அவள் விரல்கள் சில்லிட்டிருக்கின்றன.