நந்தி மலையும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னும்

1966 ஜூன் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூன்று பேர் நந்தி மலைக்குப் போய் வந்தோம். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். புவனம் யாழ்ப்பாணத்துக்காரி. சரோஜா இந்தோனேசியாவில் மேடான் ஊர். அப்பாவுக்கு அங்கே மசாலாக் கடை. பட்டுநூல் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு பிஸ்கட் டின். யாருக்கு ஊரிலிருந்து முதலில் பாங்கு டிராஃப்ட் வருகிறதோ அவள் அதைப் பணத்தால் நிரப்புவாள், அதிலிருந்து இருவரும் சாப்பிடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பேச்சே கிடையாது. இலங்கையில் பணம் அனுப்ப அனுமதி கிடைக்காத மாதங்களில் சரோஜாதான் நிரப்பினாள். பிறகு மேடானில் மூட்டை நோட்டு கொண்டுபோனாலும் முழம் பூ கிடைக்காது என்றாகிவிட்டது. அவளுக்குப் பணம் நின்றே போனது. பயிற்சி முடிய மூன்றே மாதம் பாக்கி. பாதியில் போனால் சான்றிதழ் கிடையாது. ஆனாலும் ஓசிச் சோறு வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை மதராஸ் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். மதராஸில் கப்பல் ஏற வேண்டும்.

அவளை வழியனுப்பத்தான் இந்தப் பயணம். செலவு முழுதும் என்னுடையது என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தேன். "எங்க ரூபா யாருக்கும் வளையாது" என்று அவர்களிடம் நான் ஆயிரம் தடவை பீற்றிக்கொண்டது உண்டு. அந்த வாரம்தான் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. சனிக்கிழமை சிவாஜிநகர் கறிக்கடையில் விலை ஏறியிருந்தது.

"ஏன் பாய், உன் ஆடு இங்க பக்கத்துல மாகடியில மேஞ்சதுதானே? அதுக்கு எதுக்கு டாலர் விலை?"

"ஆட்டுக்குத் தெரியாதும்மா. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார்.

சிவாஜிநகரில் காலை ஆறே முக்காலுக்கு பஸ். தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஆளுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா. தேவனஹள்ளி தாண்டியதும் இருபுறமும் திராட்சைத் தோட்டம். இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் படாது, மலை முதலில் தெரிவதும் அந்தப் பக்கம்தான். நந்தி கிராமத்தில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டுப் படியேறினோம். கீழே வியர்வை, மேலே குளிர். இரண்டுக்கும் ஒரே புடவைதான் எனக்கு.

மேலே குளக்கரைப் படியில் புளிசாதத்தைப் பிரித்தோம். அப்போதுதான் புவனம் வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை பாங்கிலை நூறு இலங்கை ரூபாய்க்கு நூற்றைம்பத்தேழு தந்தவை. போன மாதம் சரிக்குச் சரி நூறுதான். உங்கட காசு சரிஞ்சதிலை என்ர காசு நிமிர்ந்திட்டுது, அம்மா. அந்த மிச்சம் டின்னுக்கு. சரோஜா போகத் தேவையில்லை."

 சரோஜா சம்மதிக்காமல் கேட்டாள்:

"நாளைக்கு உன் காசும் விழுந்தா?"

"அன்னைக்கு உங்க அப்பா காசு எழுந்திருக்கும் புள்ள" என்றேன். "மூணு ஊர்க் காசும் ஒரே நாள்ல விழாது."

"சொல்றது சுலபம். காலையில பஸ்ஸுக்கு நான் காசு நீட்டினப்ப என் கையைத் தட்டி விட்டீங்களே. உங்களுக்கு வாங்கிக்கப் பிடிக்காது. எனக்கு மட்டும் பிடிக்கணுமா?"

 எழுந்து திப்பு பாறை பக்கம் நடந்தோம். என் கையில் புளிசாதம் மணக்கும் துணிப்பை. ஒரு குரங்கு வந்து, கடன்காரன் மாதிரி உரிமையோடு அதைப் பிடுங்கிக்கொண்டு கோட்டைச் சுவரைத் தாண்டியது. தூக்குவாளி, சீப்பு, என் சுருக்குப்பை எல்லாம் போயிற்று. அந்தண்டை பள்ளம். ரூபாயை எண்ணி ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டது அந்தச் சனியன். புவனம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் பணம் எடுத்து வந்திருக்கவில்லை, நான்தானே தடுத்திருந்தேன். சரோஜாவிடம் மட்டும் ரயிலில் சாப்பிட வைத்திருந்த பத்து ரூபாய் இருந்தது. மூன்றரை மணி பஸ்ஸில் அவள் அதை நீட்ட, கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"ஏனம்மா, மக டிக்கெட் வாங்குறாளா? புண்ணியம் பண்ணீங்க."

"வீட்டுக்குப் போனதும் தந்துடறேன்" என்றேன், தேவனஹள்ளி வருவதற்குள் மூன்று தடவை.

"எனக்கு வேண்டாம்மா. டின்னுல போடுங்க" என்றாள் சரோஜா. "அப்படின்னா நீங்களும் டின்னுல சேர்ந்த மாதிரி ஆயிடும். பரவாயில்லையா?"

 நான் சொன்னேன்: "சேர்ந்துட்டேன். இந்த மூணு மாச வாடகையும் என் பங்கு. ஆனா டின்னுல இருக்கிறவ யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது."

அவள் புவனத்தைப் பார்த்தாள். புவனம், "ஓம், அதுதான் சட்டம்" என்றாள்.

திங்கட்கிழமை நானே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பரில் சரோஜா சான்றிதழோடு கப்பல் ஏறினாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை: மேலே நல்ல தண்ணீர் கிடைப்பது சிரமம், எடுத்துப் போங்கள். சால்வை அவசியம். திரும்பும் பஸ் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மூடிய பாத்திரத்தில் வையுங்கள். எத்தனை பேர் போனாலும் பணத்தை எல்லார் மடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வையுங்கள். குரங்கு யார் பையைப் பிடுங்கும் என்று யாருக்குத் தெரியும்.