மீனம்பாக்கம் போன தொம்பை

காலை 7.10. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து லாரி புறப்பட்டது. மீனம்பாக்கம் ஒன்பது மைல். வாடகை ஆறு ரூபாய். பின்னால் ஒரே சரக்கு: கோயில் தேரில் தொங்கவிடுவோமே, அந்தத் துணித் தொம்பை. சிவப்புத் துணிமேல் மஞ்சள் யானைகளும் பச்சை மயில்களும் வெட்டிவைத்துத் தைத்தது. விமான நிலையத்தின் பிரயாணிகள் கூடத்தில் நம் ஊர் வேலைப்பாடு ஒன்று தொங்க வேண்டும் என்று முடிவு செய்த எங்கள் அலுவலகம், வரைபடத்தை என்னிடம் விட்டிருந்தது. என் கையெழுத்தோடு வெளியே போகும் முதல் வரைபடம். பதினொரு மணிக்குப் பம்பாய் விமானம் இறங்குவதற்குள் தொம்பை ஏறாவிட்டால், அந்த இடத்தில் கடிகாரம் மாட்டிவிடுவார்களாம்.

தைத்த காசிமுக்கு என் வயதுதான் இருக்கும். தொம்பையை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்தார்.

"இன்னா பாய், புதுப் பொண்ண கூட்டிக்கினு போறியா?" என்றார் ஓட்டுநர் தணிகாசலம்.

"ஆமா நைனா. பள்ளத்துல எறக்காம ஓட்டு."

7.40. அடையாற்றுப் பாலம். கொட்டிவாக்கத்திலிருந்து மீன் கூடைகளோடு வந்த பெண்கள், "எந்தக் கோயிலுக்கு?" என்று கூவினார்கள்.

"ஏரோப்ளேன் கோயிலுக்கு!" என்றார் தணிகாசலம்.

8.25. மீனம்பாக்கம். என் பட்டியல்: கொக்கி, கயிறு, ஏணி, கூரை உயரம் பதினெட்டடி. எல்லாம் சரி. தொம்பையின் விட்டம் நாலடி. கூடத்தின் வாசல் மூன்றரை அடி. வாசலை நான் அளக்கவேயில்லை.

தொம்பை என்றால் மூங்கில் வளையங்களும் துணியும்தான். அமுக்கினால் அப்பளக் கட்டுப்போல் மடங்கும். ஆடாமல் நேராக நிற்கட்டும் என்று நான்தான் நாலு பக்கமும் நெட்டுக் கம்பு வைத்து ஆணி அடிக்க வரைந்திருந்தேன்.

"இதுக்கு முன்னால எதுலயாவது ஆணி அடிச்சிருக்கீங்களா?" என்று காசிமைக் கேட்டேன்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து இல்ல ஓவர்சியரம்மா. நீங்க நம்பர் போட்டு வரைஞ்சிருந்தீங்க. அடிச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, இவனுக்கு வேலை தெரிலன்னு நெனப்பீங்க."

"வேலை தெரியாதது எனக்குத்தான். குறடு இருக்கா தணிகாசலம்?"

மூவரும் வாசலில் உட்கார்ந்து, துணி கிழியாமல் இருபத்து நான்கு ஆணிகளைப் பிடுங்கினோம். காசிம் தொம்பையை மடித்துக் கயிற்றால் கட்டி நிமிர்த்தி, வண்டிச் சக்கரம்போல் உருட்டியே உள்ளே கொண்டுபோனார். 10.45க்குக் கொக்கியில் ஏறியது. கட்டை அவிழ்த்ததும் யானைகள் வரிசை வரிசையாக இறங்கி, மின்விசிறிக் காற்றில் மெல்லச் சுற்றின. என் வரைபடத்தில் அவை வெறுமனே நின்றன.

11.05. பம்பாயிலிருந்து வந்தவர்களில் முதலாமவர் வேட்டிக்காரர். நிமிர்ந்து தொம்பையைப் பார்த்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஏதோ விதி போலும் என்று பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். பதினாறு ஜோடி, அதில் நாலு பூட்ஸ். சூட் அணிந்த ஒருவர் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். தணிகாசலம் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். காசிம் சிரிக்கவில்லை. யானைகளைப் பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

12.15க்குத் திரும்பினோம். மயிலாப்பூரில் ஒரு வாசலில் இத்தனை செருப்பு கிடந்தால் உள்ளே கல்யாணம் என்று பொருள். மீனம்பாக்கத்தில் இனித் தினமும் முகூர்த்தம். வரைபடத்தின் ஓரத்தில் திருத்தங்களை எழுதிப் படித்துக் காட்டினேன்: கம்பு வேண்டாம், வாசலருகே செருப்புப் பலகை, நீளம் ஆறடி.

"பத்தாதும்மா," என்றார் காசிம். "எட்டடி போடுங்க."

ஆறை அடித்து எட்டு என்று எழுதினேன்.