சனிக்கிழமைக் கடிதம்

தின்னர் நனைத்த துணியால் விரல்களில் ஒட்டிய வார்னிஷைத் துடைத்துவிட்டுத்தான் அமிர்தவல்லி போனை எடுப்பார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அமெரிக்காவிலிருந்து ஈமெயிலில் கடிதம் வந்திருக்கும். எழுதுபவர், நாளைக்கு வரப்போகும் தொழில்நுட்பத்தை இன்றைக்கே சொல்கிறவர் என்று பெயர் வாங்கியவர். அமிர்தவல்லிக்கு அவர் 'லெட்டர்காரர்'. அவர் சொல்லாமல் இவர் ஒரு ஷேர்கூட வாங்குவதில்லை.

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது அவருடைய மோட்டார் ரிப்பேர் கடை. கணவர் கலியபெருமாள் கிணறு கிணறாகப் போய் எரிந்த மோட்டார்களைக் கழற்றி வருவார். அவற்றுக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது முழுக்க அமிர்தவல்லி. வயது நாற்பத்தேழு. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வளர்மதிதான் இந்தக் கடிதத்துக்கு அம்மாவின் பெயரைப் பதிந்து, ஷேர் வாங்கும் ஆப்பையும் போட்டுக்கொடுத்தாள்.

போனே கடிதத்தைத் தமிழாக்கிக் கொடுக்கும். புரியாத வரி வந்தால், எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என்னைக் கூப்பிடுவார். "உங்கள் குதிரைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருமுறை வந்தது. நான் விழித்தேன். அரை நாள் கழித்து அவரே சாலையைத் தாண்டி வந்து, "இப்போதைக்கு வாங்காதன்றாரு சார்" என்றார். சரியாகத்தான் பிடித்திருந்தார்.

லெட்டர்காரர் நம் நாட்டுக் கம்பெனிகளின் பெயரைச் சொல்வதில்லை. "அவரு தெருவக் காட்டுவாரு. வீட்ட நாமதான் கண்டுபிடிக்கணும்" என்பார் அமிர்தவல்லி. அப்படி மூன்று வருஷத்துக்கு முன் அவர் கண்டுபிடித்தது, பேட்டரி வண்டிகளுக்கு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனி. கம்பி சுற்றும் மெஷின் வாங்கச் சேர்த்த பணத்தைப் போட்டார். இரண்டு மடங்கானது. பக்கத்து இட்லிக்கடை ரத்தினம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டத்தில் சம்பாதித்ததை எல்லாம் அதிலேயே போட்டார். "வல்லி சொன்னா சரியா இருக்கும்" என்பதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

சென்ற மாதம் அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டாரைக் கொண்டுவந்தார். அதே கம்பெனி. எட்டே மாதத்தில் கருகியிருந்தது. அமிர்தவல்லி பிரித்து, கம்பியை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பைவிட மலிவான, சீக்கிரம் கருகும் அலுமினியம்.

"செம்புக் காயில்னு மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கிறான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக் கடிதம், பேட்டரி வண்டித் தொழில் பத்து மடங்கு வளரும் என்றது. "ஒரு மோட்டார வெச்சி சொல்லிட முடியுமா? அவரு ஒலகத்தையே பாக்கறவரு." என்னிடம் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். விற்கவில்லை. ரத்தினம்மாளிடம் வாயும் திறக்கவில்லை. அதற்கப்புறம் இட்லிக்கடைப் பக்கமே போகாமல், வீட்டிலிருந்து டிபன் கட்டி வந்தார்.

அந்த ஷேரின் விலை இறங்கத் தொடங்கி, பாதிக்கு வந்தது. போன திங்கட்கிழமை, மார்க்கெட் திறந்த கொஞ்ச நேரத்தில், ரத்தினம்மாள் போனோடு அமிர்தவல்லியின் கடைக்கு வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"இன்னாடி வல்லி, செவப்பாவே காட்டுது. லெட்டர்ல இன்னா சொல்றாரு?"

"பயந்துகினு விக்காதீங்கன்றாருக்கா."

"நீ இன்னா சொல்ற?"

அமிர்தவல்லி உள்ளே போய்க் கருகிய காயிலை எடுத்துவந்து காட்டினார். "அந்தக் கம்பெனி மோட்டாருதான். செம்புன்னு சொல்லி அலுமினியத்த சுத்திக்கிறான்."

"எப்ப பாத்த?"

"மூணு வாரம் ஆவுது."

ரத்தினம்மாள் திட்டவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா போட்டதாவது வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

"தப்புதான்க்கா." அமிர்தவல்லி நிமிரவில்லை. "இப்பவே வித்துடு. இருக்கறதாவது நிக்கும்."

ரத்தினம்மாள் போனை நீட்டினார். அமிர்தவல்லி அதை வாங்கி, எல்லாவற்றையும் விற்று, விற்றுவிட்டதாகத் திரையில் வந்த வரியை அவருக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

வாசல்வரை போன ரத்தினம்மாள் திரும்பினார். "உன்னுத வித்துட்டியா?"

அமிர்தவல்லி தன் போனை எடுத்து ஆப்பைத் திறந்தார்; அவருடைய ஷேர்கள் அப்படியே இருந்தன. பிறகு விற்காமலே போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரைத் தேடினார்.