தரையில் கிடந்து பதில் சொன்ன சான்ஜோ

இலேஷா சந்தையில் மிளகாய் விற்கும் மொரொன்கேஜியின் மகன் சான்ஜோவுக்கு எழுத்தில் ஒரு குறையும் கிடையாது. வெளிநாட்டு உதவித்தொகைக்கு அவன் அனுப்பும் விண்ணப்பம் ஒவ்வொரு வருஷமும் கடைசிப் படிவரை ஏறிவிடும். அந்தப் படியில் நேர்முகத் தேர்வு உட்கார்ந்திருக்கும். பெரியவர்களைக் கண்டால் அவன் கண் தானாகத் தாழ்ந்துவிடும். கண்ணோடு சேர்ந்து நாக்கும் தாழ்ந்துவிடும். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய மறுநாளே ஏன் கறுக்கத் தொடங்குகிறது என்று அவன் அறிந்திருந்தது ஒரு பெரிய புத்தகத்துக்கு ஆகும். கேட்டவர்களுக்குக் கிடைத்தது "ஆமாங்க", "இல்லீங்க" இரண்டும்தான். இந்த வருஷமும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு விண்ணப்பிக்கவே முடியாது.

பெரியம்மா மகன் டெகுன்லே பயிற்சி கொடுக்க முன்வந்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். 'உலகம் உங்கள் வாசலில்' என்று கடைமேல் பலகை. அவன் மட்டும் லாகோஸைத் தாண்டியதில்லை.

"கண்ணைப் பாத்துப் பேசுடா. கண்ணைப் பாக்காதவன் பொய் சொல்றான்னு நெனைப்பாங்க அவங்க."

"பெரியவங்க கண்ணை எப்படிண்ணே பாக்கறது?"

"உங்கம்மாவைப் பாத்துப் பழகு."

அடுப்பில் மாவு கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தான். துடுப்பு முதுகில் இறங்கியது.

"பெத்தவளையே முறைக்கிறியா? எவன் வீட்டுப் புள்ளைடா நீ?"

"சித்தி, படிப்புக்காகத்தான்..." என்றான் டெகுன்லே.

"முறைக்கக் கத்துக்குடுக்கற படிப்பு எந்த ஊர்ல இருக்கு? இங்கயே இருக்கட்டும் அவன்."

அதற்குப் பிறகு சான்ஜோ பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்துப் பழகினான். கொஞ்ச நேரத்தில் ஆடு கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நல்ல முன்னேற்றம் என்றான் டெகுன்லே.

தேர்வு நாளன்று டெகுன்லேயின் கடையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது. கேமராவில் விழாத மூலையில் பாய் விரித்து மொரொன்கேஜி ஜெபத்தில் உட்கார்ந்தாள். டெகுன்லே கதவோரம் நின்று இரண்டு விரலால் தன் கண்களைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் திரை விரிந்தது. மூன்று பேர். நடுவில் ஒரு அம்மாள், தலை பஞ்சாக நரைத்திருந்தது.

"வணக்கம், சான்ஜோ."

இலேஷாவில் நரைத்த தலையைக் கண்டால் ஆண்பிள்ளையின் முட்டி யாரையும் கேட்டுக்கொண்டு மடங்குவதில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. சான்ஜோ நெஞ்சு தரையில் பட நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். திரையின் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு காலி நாற்காலியும், சர்ச் காலண்டரும்தான் மிஞ்சின.

விழுந்தவன் தானாக எழுந்துவிடக் கூடாது. பெரியவர் வாய்திறந்து எழுந்திரு என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாள் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

"ஹலோ? நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்கம்மா."

"உங்க முகம் தெரியலையே."

"ஆமாங்கம்மா."

பக்கத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கத்துல லைன் அப்படித்தான். குரல் வருதுல்ல, கேளுங்க."

டெகுன்லே தலையில் அடித்துக்கொண்டான். மொரொன்கேஜி பாயிலிருந்து குனிந்து மெல்லக் கேட்டாள்: "எழுந்திருன்னு சொன்னாங்களாடா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப கிட."

என்ன படிக்க ஆசை என்று கேட்டார்கள். சான்ஜோவின் கண்ணெதிரே எந்தப் பெரியவரின் கண்ணும் இல்லை. சிமென்ட் தரை, அதில் ஒரு விரிசல், விரிசலில் ஓர் எறும்பு. எறும்பிடம் சொல்லத் தொடங்கினான். கிழங்கைப் பிடுங்கும்போது படும் வெட்டுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்றான். கிழங்கு தன் காயத்தை மூடத்தான் பார்க்கிறது, அந்த அவசரத்தில் தன்னையே கறுப்பாக்கிக்கொள்கிறது, மனுஷர்களும் அப்படித்தானே என்றான். எந்த மண்ணில் விளைந்தது தாங்கும், எது தாங்காது என்றான். கடைசிச் சரக்கை ஏற்றப் போன லாரி சேற்றில் சிக்கியதையும், ஊரே கூடித் தள்ளி லாரியை மட்டும் காப்பாற்றியதையும் சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள். அதுவரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த மூன்றாமவர் பேனாவை வைத்துவிட்டு, காலி நாற்காலியை ஆவலோடு பார்த்தார்.

"கடைசியா, எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் அம்மாள்.

"ஒண்ணே ஒண்ணுங்கம்மா. நான் எழுந்திருக்கலாமா?"

அம்மாள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"எங்க இருக்கீங்க?"

"தரையிலங்கம்மா. நீங்க வந்ததுலேர்ந்து."

அவர்கள் தங்கள் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கூடிப் பேசினார்கள். வழுக்கைத் தலைக்காரர் விதிமுறைகளைப் புரட்டினார். பிறகு சத்தம் திரும்பியது.

"இதுக்கு விதி எதுவும் இல்ல. ஆனா ஆட்சேபணையும் இல்ல," என்றார்.

"எழுந்திருப்பா," என்றார் அம்மாள்.

சான்ஜோ கையூன்றி எழுந்து தலையை மேசைக்கு மேலே கொண்டுவந்த நேரம், ஜெனரேட்டரில் பெட்ரோல் தீர்ந்தது. திரை இருண்டது.

"போச்சு! கண்ணுக்கு எவ்வளவு பாடுபட்டேன், கண்ணையே காட்டலையே பாவி!" என்று கத்தினான் டெகுன்லே.

"சும்மா இருடா. இவன் இவ்வளவு பேசி நானே இன்னிக்குத்தான் கேக்கறேன்," என்றாள் மொரொன்கேஜி.

அடுத்த வாரம் பதில் வந்தது. விண்ணப்பதாரரின் பதில்கள் குழுவுக்கு முழு நிறைவு அளித்தன, ஆனால் அவருடைய முகத்தை எவரும் பார்க்கவில்லை என்பதால், முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு நேர்முகம் நடைபெறும், பேச வேண்டியதில்லை.

இந்தத் தடவை திரையில் வந்தவள் சான்ஜோவைவிடச் சின்னப் பெண். விழவேண்டிய அவசியம் இல்லை. இடப்பக்கம் திரும்பச் சொன்னாள், வலப்பக்கம் திரும்பச் சொன்னாள், பாஸ்போர்ட் படத்தோடு ஒத்துப் பார்த்தாள். மொரொன்கேஜி பண்டிகைத் தலைத்துணியோடு குறுக்கே தலையை நீட்டினாள்.

"இவன் என் புள்ளதாம்மா. நான் சாட்சி."

"யாரும் பேசக் கூடாது," என்றாள் பெண். 'முகம் உள்ளது' என்று குறித்துக்கொண்டாள். அன்று மாலையே உதவித்தொகை உறுதியாயிற்று.

மறுநாள் சந்தையில் தக்காளிக்காரி விடவில்லை. "அப்படி என்னதான் கேட்டாங்க உன் புள்ளைகிட்ட?"

மொரொன்கேஜி மிளகாய்க் குவியலைச் சரிசெய்தபடி சொன்னாள்: "ஒண்ணுமே கேக்கல. பாத்தாங்க. குடுத்துட்டாங்க."