சம்பத் அண்ணாவுக்காக நான் செய்த பிரார்த்தனை

போன ஆடி மாதம் என் இடுப்பு என்னைக் கைவிட்டது. மனசு அதற்கு முன்பே விடைபெற்றுக்கொண்டிருந்தது. முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் எலும்பு டாக்டர். மன அழுத்தம் என்றார் மனநல டாக்டர். வெளியிலிருந்து பார்த்தால், ஒரு மனுஷன் சும்மா படுத்துக்கொண்டிருந்தான்.

உத்தியோகத்துக்கு நீண்ட விடுப்பு. பல் தேய்ப்பதே ஐந்தாண்டுத் திட்டம் போலத் தெரிந்தது. ஒரு நாள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நான் வெகு நேரம் நின்றதை என் மனைவி ரமா பார்த்துவிட்டாள். அன்றே மாடிக் கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் என் பெரியப்பா பிள்ளை சம்பத் அண்ணா குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினார்: "வாசுவுக்கு வியாதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெறும் சோம்பல். தினம் மாடிக்கு நாலு குடம் ஜலம் தூக்கச் சொல்லுங்கோ."

அத்தைகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஆமோதித்தார்கள்.

அந்த வரி என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடுப்பு வலியாவது மாத்திரைக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது, இது நகரவில்லை. நம் சனிக்கிழமை கோஷ்டியில் அவரும் நானும் எதிரெதிர் வரிசை. நாம் பாசுரம் சேவிக்கும் முறைதான் தெரியுமே: இந்த வரிசை ஓர் அடி சொன்னால், அந்த வரிசை அடுத்த அடி. அந்த வாய்க்கு நான் பதில் அடி சொல்வதா? கோஷ்டிக்குப் போவதையே விட்டேன்.

பெருமாளை மட்டும் விடவில்லை. கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டேன். "சம்பத் அண்ணாவுக்கு இதே வலி, இதே இடத்தில்." அவன் குழம்பிவிடக் கூடாதே என்று, "இடது பக்கம்" என்று விவரமும் கொடுத்தேன்.

ஐப்பசியில் நம் ஊர் மண்டி மொஹல்லாப் பேட்டையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் சேர்ந்தேன். அந்தச் சந்துகளில் ஆட்டோ குலுக்குகிற குலுக்கலில் பாதி சிகிச்சை வழியிலேயே ஆகிவிடும். மீதிக்கு, இடுப்பில் பெல்ட் கட்டி, எடையைத் தொங்கவிட்டு இழுப்பார்கள். படுத்தவன் எழுந்திருக்க முடியாது. வலி பொறுக்காமல் ஒரு பாசுரத்தை முணுமுணுத்தேன். முதல் அடியோடு மூச்சு முட்டி நின்றுவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த அடி வந்தது.

கோஷ்டியில் வளர்ந்தவனால் பாசுரத்தை அந்தரத்தில் விட முடியாது. நாக்கு தானே எழுந்து ஓடும். நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு ஓடுகிற அந்த அவசரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு சொல்லை முழுங்கிட்டேள்," என்றேன். என் நாக்கும் அதே கோஷ்டிதானே.

"வாசுவா?"

"ஆமா."

"கர்மம். எழுந்து ஓடக்கூட முடியாதே, கட்டிப் போட்டிருக்காளே!"

"இங்கேயும் அதே கதிதான்."

"உனக்கு எந்தப் பக்கம்?"

"இடது."

"எனக்கும் இடதுதான்டா!"

எனக்குக் குப்பென்று வியர்த்தது.

அவர் குரல் இறங்கியது. "வாசு, தூக்கமே இல்லைடா. விடிஞ்சா எழுந்திருக்கவே பிடிக்கலை. நேத்து உன் மன்னி எதிர்ல அழுதுட்டேன். இதையா நான் சோம்பல்னு எழுதினேன்?"

இந்த நிமிஷத்துக்காக நான் தீட்டி வைத்திருந்த பதில்கள் ஏராளம். எல்லாமே நல்ல நடையில் இருந்தன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டேன்.

"விடுங்கோ அண்ணா," என்றேன். "நாலு குடம் தூக்கினா சரியாயிடும்."

"டம்ளரே தூக்க முடியலைடா, பாவி!"

திரையின் இரண்டு பக்கமும் சிரித்தோம். சிரித்தால் உயிர் போகிற வலி. "அங்கிள், நகபேடி! அலுகாடபேடி!" என்று பிசியோ பெண் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடி வந்து, சிரிக்கவும் கூடாது, அசையவும் கூடாது என்று அதட்டினாள். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எப்போது எழுந்து போனது என்று தெரியாது. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் தேடிப் பார்த்தேன். இல்லை.

என் வேண்டுதலால் அவருக்கு வலி வந்தது என்று நான் நம்பவில்லை. அவர் எடைக்கு வர வேண்டியது வந்தது. ஆனால் இருவரையும் ஓட முடியாமல் கட்டி, அடுத்தடுத்துப் படுக்கவைத்தவன் யார்? அதைச் சொல்லத்தான் கோஷ்டிக்காரர்களுக்கு இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

வலி இன்னும் இருக்கிறது. மாத்திரையும் டாக்டரும் தொடர்கிறார்கள். அவர்களையும் அவனே அனுப்பினான். தூக்கம் வருகிறது. மாடிக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறது, வடாம் காயவைக்க என்கிறாள் ரமா. கோஷ்டியில் எங்கள் இருவருக்கு மட்டும் நாற்காலி.

உங்கள் நெஞ்சிலும் யாராவது ஏறி உட்கார்ந்திருந்தால், அவர் பெயரைச் சொல்லியே அவனிடம் வேண்டுங்கள். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. திருத்தி எடுத்துக்கொள்ள அவனுக்குத் தெரியும்.

சம்பத் அண்ணா, அந்த "இடது பக்கம்" விஷயத்தை உங்களுக்கு நான் இதுவரை சொல்லவில்லை. இப்போது படித்திருப்பீர்கள். என் அடியை நான் சொல்லிவிட்டேன், அடுத்தது உங்களுடையது.