உப்பில்லாத சோறு

எழுபதுகளின் தொடக்கத்தில் பந்தல்குடியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. தூத்துக்குடி ரோட்டைப் பார்த்த கடை. வாசலில் எப்போதும் ஒரு உப்பு மூட்டை வாய் திறந்தே கிடக்கும். கடையை அடைத்தாலும் அதை மட்டும் உள்ளே எடுத்துவைக்க மாட்டோம். உப்பை யார் திருடப் போகிறார்கள்?

ஒருநாள் டாக்டர்கள் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இலவசம் என்றதும் கூட்டம் அள்ளியது. என் கணவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. டாக்டர் ஒரு தடவை பார்த்தார், கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். அழுத்தம் ரொம்ப அதிகம், இப்படியே விட்டால் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிடும், கொடுக்கிற மாத்திரையை நிறுத்தக் கூடாது, உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும், கருவாடும் ஊறுகாயும் கூடவே கூடாது என்றார். அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்கள். வரவேயில்லை.

மறுநாளே அவருக்குத் தனியாக உப்பில்லாமல் சமைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு என்ன செய்யுது? ஒரு தலைவலி உண்டா? மூட்டைய ஒத்தையாத் தூக்குறேன்" என்றார்.

அவரையாவது சமாளித்திருப்பேன். அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்த அவருடைய அக்கா, என் மதினி, வந்து குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். எங்கள் ஆட்களில் செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் உப்புப் போட மாட்டோம்.

"உனக்குக் கூறு இருக்கா? உசுரோட இருக்க என் தம்பிக்குக் கருமாதிச் சோறு போடுறியே!"

"டாக்டரு சொன்னாக மதினி."

"அவுக சொல்லிட்டுப் போயிருவாக. தாலி உன் கழுத்துலல்ல கெடக்கு!"

தாலி என்றதும் உப்பே இல்லாமல் சமைப்பதை நிறுத்தினேன். ஆனாலும் விடவில்லை. உப்பைப் பாதியாக்கினேன். ஊறுகாய்ச் சாடியைப் பரணில் ஏற்றினேன். என்ன பிரயோசனம்? மதியச் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுபோனால், அவர் பாட்டுக்கு வாசல் மூட்டைக்குள் கைவிட்டுக் கல்லுப்பை எடுத்துப் பிசைந்துகொள்வார். உப்பு விற்கிறவன் பெண்டாட்டி உப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்? மதினி வேறு கருவாடு பொரித்துக் கொடுத்துவிடுவாள். தம்பி மேல் அத்தனை பிரியம். மாத்திரை தீர்ந்ததும் அருப்புக்கோட்டைக்குப் போய் வாங்கிவரச் சொன்னேன். நோவில்லாத உடம்புக்கு மருந்து எதற்கு என்றார். கத்தினேன், பட்டினி கிடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எனக்கே தெரிந்துவிட்டது, இந்த மனிதர் தங்க மாட்டார் என்று. தெரிந்துகொண்டே தினமும் அவருக்குப் பரிமாறினேன்.

ஒரு புரட்டாசியில், துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசோடு சரிந்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. போகிற லாரியை மறித்து ஏற்றினோம். அருப்புக்கோட்டையைத் தொடுமுன் மூச்சு நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் படையலுக்குச் சோறு வடித்தார்கள். மதினி அழுதுகொண்டே அடுப்படியைக் காவல் காத்தாள். "ஒரு கல்லு உப்புக்கூட விழுந்துறக் கூடாதுத்தா" என்று சமைக்கிற பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். உயிரோடு இருந்தவருக்கு என்னால் ஒருவேளைகூட முழுசாகப் போட முடியாத அந்தச் சோற்றை, அவர் படத்துக்கு முன்னால் இலை நிறைய அவளே பரிமாறினாள்.